மழையில் கெட்டுப்போன ஃபியூஸ் பாக்ஸ்: ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் நடுவே நான் பட்ட பாடு

பெரும்பாலான கார்களில் ஃபியூஸ் பாக்ஸ் இரண்டு இருக்கும். ஒன்று பானெட்டுக்குள், பேட்டரிக்குப் பக்கத்தில். இன்னொன்று காருக்கு உள்ளேயே, ஓட்டுபவரின் முழங்காலுக்கு மேலே, டேஷ்போர்டுக்கு அடியில் மறைந்திருக்கும். இந்த இரண்டாவது பெட்டிதான் என்னைப் படாதபாடு படுத்தியது. போன ஐப்பசியில் ஆரம்பித்த தொல்லை, வண்டியை மறுபடி நம்பி எடுக்கிற நிலைக்கு வருவதற்குள் மார்கழி பிறந்துவிட்டது. கையை விட்டுப் போனது 35,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. அதில் 16,000 ரூபாய் அளவுக்கு எந்தப் பயனும் இல்லாமல் போன பணம். முதல் வாரத்திலேயே யாராவது ஒருவர் என்னை உட்காரவைத்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பணமும் போயிருக்காது, மலைப்பாதையில் அப்படி ஒரு சாயங்காலமும் வந்திருக்காது. அதனால்தான் நடந்தது எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

நான் சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் வேலை. அம்மா ஏற்காட்டில், நாகலூர் போகிற வழியில், காபிச் செடிகளுக்கு நடுவே உள்ள பழைய வீட்டை விட்டு வரமாட்டேன் என்று இருக்கிறார். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் மேலே போவேன், ஞாயிறு சாயங்காலம் இறங்குவேன். வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்தது நான் மட்டும்தான். கார் 2013 மாடல், சின்ன பெட்ரோல் ஹேட்ச்பேக். அதுவரை ஒரு குறையும் வைத்ததில்லை.

முதலில் வந்தவை சின்னச் சின்ன விஷயங்கள். ராத்திரி அம்மா வீட்டு வாசலில் நிற்கிற காரின் கதவுப் பூட்டு தானாக டக் டக்கென்று திறந்து மூடும். நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் சாவி போட்டதும் வைப்பர் ஒருமுறை தானாக ஆடி நிற்கும். உள் விளக்கு கதவை மூடிய பிறகும் மங்கலாக எரியும். இரண்டு நாள் வெயில் அடித்தால் எல்லாம் சரியாகிவிடும். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்ஃப் எடுக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து ஜீப்பில் இருந்து வயர் போட்டு ஸ்டார்ட் செய்து இறங்கினேன். சேலத்தில் வழக்கமாக விடுகிற கடையில் பேட்டரி போய்விட்டது என்றார்கள். புது பேட்டரி 5,400 ரூபாய். அடுத்த வாரமும் அதே கதை. இந்த முறை டைனமோ சரியாகச் சார்ஜ் கொடுக்கவில்லை என்று கழற்றி வேலை பார்த்து 3,200 ரூபாய் வாங்கினார்கள். இரண்டு முறையும் யாரும் மீட்டரை எடுத்து ஒரு அளவு கூடப் பார்க்கவில்லை. எனக்கு இன்றும் ஆறாத கோபம் அதில்தான்.

இதைப் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். சாதாரண மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் அளவில் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12-க்குக் கீழே போனால் காலியாகிவிட்டது. எஞ்சின் ஓடும்போது அதே இடத்தில் 13.8-லிருந்து 14.4 வரை காட்டினால் பொதுவாக டைனமோ ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. இரண்டும் சரியாக இருந்தும், நிறுத்திவைத்த வண்டியில் சார்ஜ் இறங்குகிறது என்றால் எதுவோ ஒன்று திருட்டுத்தனமாகக் கரண்டை இழுக்கிறது. அதை அளக்கவும் வழி உண்டு. நெகட்டிவ் வயரைக் கழற்றி, பேட்டரி முனைக்கும் அந்த வயருக்கும் நடுவில் மீட்டரைப் பத்து ஆம்பியர் நிலையில் இணைக்க வேண்டும். மீட்டரின் சிவப்பு வயரைப் பத்து ஆம்பியர் துளைக்கு மாற்றிச் சொருக மறக்கக் கூடாது. மீட்டர் இணைப்பில் இருக்கும்போது செல்ஃப் அடிக்கவும் கூடாது. கதவைப் பூட்டிவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தால்தான் வண்டிக்குள் இருக்கிற சின்னச் சின்ன கம்ப்யூட்டர்கள் தூங்கப் போகும். அதன்பின் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலை இல்லை. என் வண்டியில் பிற்பாடு நானே அளந்தபோது 1 ஆம்பியர் வந்தது. 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில், அதாவது 1 ஆம்பியர் வீதம் 35 மணி நேரம் தரக்கூடிய பேட்டரியில், வெள்ளி ராத்திரியில் இருந்து ஞாயிறு சாயங்காலம் வரை 1 ஆம்பியர் போய்க்கொண்டே இருந்தால் மிச்சம் என்ன இருக்கும்? புது பேட்டரி போட்டாலும் அதேதான் நடக்கும், நடந்தது. பூட்டு, வைப்பர், உள் விளக்கு என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை எல்லாம் ஒரே சமயத்தில் கோளாறு செய்தால், அதுவும் மழைக்குப் பிறகு செய்தால், அவை அத்தனையும் கூடுகிற இடமான ஃபியூஸ் பாக்ஸை முதலில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஏற்காட்டில் இருந்து அடிவாரத்துக்கு இறங்கும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 20. டைனமோ வேலை முடிந்த கொஞ்ச நாளில் ஒரு ஞாயிறு சாயங்காலம் பாதி மலை இறங்கியிருந்தேன். பனி மூட்டம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது, வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது கியரில் வந்த வண்டி லேசாக ஒரு வெட்டு வெட்டியது. ரோட்டில் பள்ளம் என்று நினைத்தேன். வளைவுக்கு முன்னால் கிளட்ச்சை மிதித்ததும் எஞ்சின் சத்தம் அப்படியே நின்றது. டேஷ்போர்டு மீட்டரில் சிவப்பு விளக்குகள் வரிசையாக எரிந்தன. ஸ்டீயரிங் கல்லாக இறுகிவிட்டது. பெட்ரோல் பம்ப்புக்குக் கரண்டை விடுகிற சுவிட்சான ரிலேயில் கரண்ட் நின்றுபோனதால் எஞ்சின் முன்னாலேயே செத்துவிட்டது, கியரில் இருந்ததால் சக்கரம் அதைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. இதெல்லாம் பிறகு புரிந்தது. அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்தது பயம் ஒன்றுதான். இரண்டு கையாலும் இழுத்து வண்டியை மலைப்பக்கம் ஒதுக்கி ஹேண்ட் பிரேக் போட்டேன். அபாய விளக்கு சுவிட்சை அமுக்கினால் எரியவில்லை. அதுவும் அந்தப் பெட்டி வழியாகத்தான் போகிறது. போனில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. இறங்கி நின்றபோது கால் நடுங்கியது, அழுகையும் வந்தது. கீழே இறங்கிக்கொண்டிருந்த ஒரு அரசுப் பேருந்து நின்றது. "என்னாச்சுங்கக்கா, தனியாவா வந்தீங்க?" என்று கேட்டபடி ஓட்டுநர் அண்ணன் இறங்கி வந்தார். டயருக்கு முன்னால் கல் கொடுத்து, ஒரு கிளையை ஒடித்து மேல் வளைவுக்கு அருகில் ரோட்டில் போட்டுவிட்டுத்தான் அவர் கிளம்பினார். ரெக்கவரி வண்டி வந்து சேலம் போய்ச் சேர ராத்திரி வெகு நேரம் ஆகிவிட்டது. அதற்கு 3,500 ரூபாய்.

மலையில் ஓட்டுகிறவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை இவை. இறக்கத்தில் எஞ்சின் நின்றால் கியரில் இருந்தபடியே விடுங்கள். கிளட்ச் மிதிக்காத வரை சக்கரம் எஞ்சினைச் சுற்றும், பிரேக்குக்கு உதவுகிற வேக்குவமும் இருக்கும். எஞ்சின் சுற்றுவதும் நின்றுவிட்டால் அந்த உதவி இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். ஆகவே பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக அழுத்தி நிறுத்த வேண்டும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது சாவியை உருவிவிடாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். நின்றதும் முன்சக்கரத்தை மலைப்பக்கம் திருப்பி, இறக்கத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ் கியர் போட்டு, டயருக்குக் கல் கொடுங்கள். அபாய விளக்கை நம்பி இருக்க முடியாது என்பதால் ஒளி திருப்பும் முக்கோணப் பலகையும் ஒரு டார்ச்சும் டிக்கியில் இருந்தே ஆக வேண்டும். முக்கோணத்தை வண்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பயனில்லை. பின்னால் வருகிறவர் வளைவு திரும்புவதற்கு முன்பே அது கண்ணில் பட வேண்டும்.

மறுநாள் வேறு கடை. அங்கே முதல்முறையாக டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கிற ஃபியூஸ் பாக்ஸின் மூடியைக் கழற்றினார்கள். நானும் குனிந்து பார்த்தேன். பெட்டியின் பின்பக்கத்து முனைகளில் பச்சைப் பசேலென்று களிம்பு பூத்திருந்தது. வயர்களைப் பெட்டியில் சொருகுகிற பிளக்கான ஒரு கப்ளரை உருவியபோது அதிலிருந்து தண்ணீர் சொட்டி மெக்கானிக் தம்பியின் கையில் விழுந்தது. "பாக்ஸ் போயிடுச்சுங்கக்கா, புதுசு ரொம்ப விலை, செகண்ட் ஹேண்ட்ல போட்டுடலாம்" என்றார். எனக்கு நிம்மதியாகக் கூட இருந்தது, காரணம் கிடைத்துவிட்டதே என்று. பழைய பெட்டி 4,500, வேலைக்கூலி 1,500. மாட்டிய பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை, மீட்டரில் சாவிப் படம் மட்டும் விட்டு விட்டு மின்னுகிறது. பல நாள் வண்டியை வைத்துப் பார்த்துவிட்டு, எஞ்சின் கம்ப்யூட்டர் போய்விட்டது, 28,000 ஆகும் என்றார்கள். மாதச் சம்பளத்தில் வீடு நடத்துகிற எனக்கு அந்தத் தொகையைக் கேட்டதும் வயிற்றைப் பிசைந்தது. வேண்டாம் என்று சொல்லி, என் பழைய பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, 1,200 ரூபாய் கொடுத்து வண்டியை வீட்டுக்கு இழுத்துவந்தேன். கொடுத்த 6,000 திரும்பி வரவில்லை.

நடந்தது என்னவென்றால், என் மாடலில் அந்தப் பெட்டி வெறும் ஃபியூஸ் மாட்டுகிற சட்டம் இல்லை. பூட்டு, வைப்பர், விளக்கு எல்லாவற்றையும் நிர்வகிக்கிற கம்ப்யூட்டரும், சாவியை அடையாளம் பார்க்கிற இம்மொபிலைசரும் அதற்குள்ளேயே இருக்கின்றன. இன்னொரு வண்டியில் இருந்து கழற்றிய பெட்டிக்கு அந்த வண்டியின் சாவிதான் தெரியும். என் சாவியைத் திருடன் என்று நினைத்து எஞ்சினை விடாமல் தடுத்திருக்கிறது. எஞ்சின் கம்ப்யூட்டருக்கு ஒன்றுமே ஆகவில்லை. சென்னை புதுப்பேட்டை மாதிரியான இடங்களில் பழைய பாகங்கள் எவ்வளவோ மலிவாகக் கிடைக்கும், அதில் தவறில்லை. உள்ளே எலக்ட்ரானிக்ஸ் இல்லாத, ஃபியூஸும் ரிலேயும் மட்டும் மாட்டுகிற பெட்டி என்றால் பழையதைத் தாராளமாகப் போடலாம். கம்ப்யூட்டரோடு சேர்ந்த பெட்டி என்றால், பணம் கொடுப்பதற்கு முன் சாவியை யார் பதிவு செய்து தருவார்கள் என்று கேளுங்கள். பெட்டியின் ஸ்டிக்கரில் இருக்கிற பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும். ஒரே காரில் கீழ் மாடலுக்கும் மேல் மாடலுக்கும் பெட்டி வேறு. வெளித் தோற்றமும் கப்ளர்களும் ஒன்றாக இருக்கும், உள்ளே வயர் போகிற இடம் மாறியிருக்கும். கெட்டுப்போன பழைய பெட்டியை எந்தக் காரணத்துக்கும் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். உள்ளே இருக்கிற சாவி விவரத்தை அதிலிருந்து படித்து எடுக்க முடிந்தால் புதியதைப் பதிவு செய்வது சுலபமாகிவிடும்.

புது பெட்டி 11,800 ரூபாய், ஆர்டர் போட்டு வரவழைக்க வேண்டும் என்றார்கள். அது வருவதற்குள், செவ்வாய்பேட்டை பக்கம் ரொம்ப காலமாகக் கார் எலக்ட்ரீசியன் வேலை பார்த்த பெரியவர் ஒருவரைப் பற்றி எங்கள் ஆய்வக உதவியாளர் சொன்னார். கூட்டிவந்தோம். அவரால் இப்போது டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுக்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து என் பழைய பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பொட்டிய மாத்துறது ஒரு மணி நேர வேலைங்க கண்ணு. தண்ணி எங்கிருந்து வருதுன்னு பாக்காம மாத்துனீங்கன்னா அடுத்த மழைக்கு இன்னொன்னு வாங்கணும்" என்றார். இரண்டு கடைகளிலும் யாரும் இதைக் கேட்கவில்லை. 300 ரூபாய் வாங்கிக்கொண்டு, கரண்ட் வேலைக்குக் கைப்பழக்கம் உள்ள நீங்களே செய்யலாம் என்று ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்.

தண்ணீரைத் தேடுவது பொறுமையான வேலை. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் டிஷ்யூ பேப்பர்களை ஆங்காங்கே ஒட்டினேன். வெளியே ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்து, முதலில் கதவு ஓரம், பிறகு கூரை ஓரம், பிறகு முன்கண்ணாடியின் அடிப்பக்கம் என்று ஒவ்வொரு இடமாக மெதுவாக ஊற்றிவிட்டு உள்ளே வந்து பார்ப்பேன். எல்லா இடத்திலும் ஒரேயடியாக ஊற்றினால் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. கண்ணாடிக்கு அடியில், பானெட் முடிகிற இடத்தில் கறுப்புப் பிளாஸ்டிக் சல்லடை ஒன்று இருக்கும். அங்கே ஊற்றியதும் உள்ளே வயர்கட்டு மேல் ஒட்டியிருந்த பேப்பர் நனைந்தது. வைப்பர் கைகளையும் சல்லடையையும் கழற்றினேன். கீழே உள்ள தொட்டி போன்ற பள்ளம் முழுக்க சில்வர் ஓக் இலை. எஸ்டேட்டுகளில் காபிக்கு நிழல் தருகிற அந்த மரம்தான், அம்மா வீட்டு வாசலிலும் நிற்கிறது. மேலே பச்சை, அடியில் வெள்ளி நிறம், பிளவு பிளவான இலை. சல்லடை இடுக்கில் சுலபமாக இறங்கிவிடும். மக்கி, கறுத்து, கேக் மாதிரி இறுகி, மழைத்தண்ணீர் வடிகிற ஓட்டையை முழுசாக அடைத்திருந்தது. அதனால் மழை பெய்யப் பெய்ய தண்ணீர் தேங்கி உயர்ந்து, எஞ்சின் பக்கத்தில் இருந்து உள்ளே வயர்கட்டு நுழைகிற ரப்பர் வளையத்தின் இடுக்கு வழியாக வயர்மேல் ஊர்ந்து, நேராகப் பெட்டியின் தலையில் இறங்கியிருக்கிறது. இலையை அள்ளி, ஓட்டையைக் கழுவி, ரப்பரைச் சரியாக உட்காரவைத்துச் சுற்றிலும் சீலன்ட் போட்டேன். பெரியவர் சொன்னபடி, வயர்கட்டு பெட்டிக்குள் நுழைவதற்கு முன் ஒரு வளைவு கீழே தொங்கிவிட்டு மேலே ஏறுகிற மாதிரி கட்டினேன். மறுபடி தண்ணீர் வந்தாலும் அந்த அடிவளைவில் சொட்டிவிடும், பெட்டிக்குப் போகாது. எல்லாருக்கும் இதே இடமாக இருக்க வேண்டியதில்லை. ஏசி தண்ணீர் வெளியேறுகிற குழாய் அடைபட்டாலும், முன்கண்ணாடியை மாற்றியபோது பசை சரியாக இடாவிட்டாலும், கதவுக்குள் இருக்கிற பிளாஸ்டிக் தாள் கிழிந்தாலும் உள்ளே ஈரம் வரும்.

இனி பெட்டியை மாற்றுகிற வேலை. ரேடியோவுக்கு ரகசிய எண் இருந்தால் முதலில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜன்னலை இறக்கிவிடுங்கள், கரண்ட் போனபின் கதவு பூட்டிக்கொண்டால் உள்ளே போக வழி வேண்டும். சாவியை உருவி எடுத்துவிட்டு, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்ற வேண்டும். பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பேனர் தவறி வண்டியின் பாடியில் பட்ட நொடியில் பெரிய ஷார்ட். கழற்றிய நெகட்டிவ் வயரைத் துணியில் சுற்றித் தள்ளிவைத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தேன். ஏர்பேக்கை வெடிக்கவைக்கிற மின்சாரம் அதன் கெபாசிட்டரில் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று வண்டியின் புத்தகம் சொல்கிறதோ, அதற்குக் குறையக் கூடாது. டேஷ்போர்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கப்ளர்களைப் பார்த்தால் அவை பொதுவாக ஏர்பேக்குடையவை. அவற்றில் மீட்டர் முனையோ டெஸ்ட் லேம்ப்போ வைக்கவே கூடாது. முகத்துக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறோம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

போனில் எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுத்தேன், ஒவ்வொரு ஃபியூஸும் எந்த இடத்தில் எந்த நிறம் என்று தெரிகிற மாதிரி. மாஸ்கிங் டேப்பில் எண் எழுதிக் கப்ளரிலும் அது இருந்த இடத்திலும் ஒட்டினேன். வடிவம் வேறுவேறாகத்தான் இருக்கும், மாறி மாட்டாது என்பார்கள். ஆனால் என் பெட்டியில் இரண்டு கப்ளர் ஒரே அச்சில் இருந்தன. கப்ளரைப் பிடித்து, பூட்டு நாக்கை அமுக்கி எடுக்க வேண்டும். வயரைப் பிடித்து இழுத்தால் முனை உள்ளே பின்வாங்கிவிடும், வெளியே பார்த்தால் மாட்டியிருப்பது போலவே தெரியும்.

நான் அதிக நேரம் செலவிட்டது புது பெட்டியில் இல்லை, வயர் முனைகளில்தான். தண்ணீர் பெட்டியை மட்டும் கெடுத்துவிட்டுப் போகாது, அதில் சொருகுகிற வயர் முனைகளிலும் களிம்பு ஏறியிருக்கும். களிம்பு ஏறிய முனையில் தடை கூடும். 0.2 ஓம் என்றால் ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். அதில் 10 ஆம்பியர் போனால் 20 வாட் சூடு அந்த ஒரு ஊசி முனையில் இறங்குகிறது. எங்கள் ஆய்வகத்தில் ஈயம் உருக்குகிற சின்ன சால்டரிங் அயனே 25 வாட்தான். அந்தச் சூட்டில் புது பெட்டியின் பிளாஸ்டிக்கும் உருகும். லேசான களிம்பை கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரேயும் மெல்லிய பிரஷ்ஷும் வைத்து எடுத்தேன். தின்னப்பட்ட முனைகளை வெட்டிப் புது முனை அடித்தேன். அந்தச் சாமான்களுக்கு எல்லாம் சேர்த்து 900 ரூபாய் ஆனது. நன்றாகக் காய்ந்த பிறகுதான் புது பெட்டியை அதன் கவரில் இருந்து எடுத்தேன். எடுப்பதற்கு முன் வண்டியின் இரும்பைத் தொட்டுக்கொள்வது நல்லது, நம் உடம்பில் இருக்கிற நிலைமின்சாரம் உள்ளே உள்ள சில்லுகளுக்கு ஆகாது. பேட்டரியில் இருந்து வருகிற தடித்த வயருக்கு நட் இருக்கும். அது தளர்வாக இருந்தால் சூடேறிக் கருகும், அளவுக்கு மீறி முறுக்கினால் போல்ட் ஒடியும்.

ஃபியூஸ்களைப் போட்டோவைப் பார்த்து ஒவ்வொன்றாக மாற்றினேன். இந்த வகை ஃபியூஸில் நிறமே அளவு: பழுப்பு 7.5 ஆம்பியர், சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. அடிக்கடி போகிறது என்று 10 இருந்த இடத்தில் 20 போடுவதும், உள்ளே செம்புக் கம்பி வைப்பதும் வண்டியைக் கொளுத்துகிற வேலை. ஃபியூஸ் காப்பாற்றுவது அதற்குப் பின்னால் இருக்கிற வயரைத்தான், அந்த வயரின் தடிமன் மாறவில்லையே. மலை ஏறுகிறவர்கள் பனிக்காக 60/55 வாட் (பிரைட்டில் 60, டிம்மில் 55) ஹெட்லைட் பல்பைக் கழற்றி 100/90 போடுவதை நிறையப் பார்க்கிறேன். 55 வாட் பல்புகள் இரண்டுக்கும் 9 ஆம்பியர் போதும். 90 வாட் என்றால் 15 ஆம்பியர். அதே பழைய ரிலேயும் முனையும் தாங்க வேண்டும். அந்தப் பல்பு வேண்டும் என்றால் பேட்டரியில் இருந்து தனி ஃபியூஸ், தனி ரிலே வைத்து வயர் இழுத்துப் போடுங்கள்.

பெரியவர் சொல்லிக்கொடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்தது சீரிஸ் லேம்ப். நெகட்டிவ் வயரை நேரடியாகப் பேட்டரியில் மாட்டாமல், நடுவில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை வைத்து இணைக்க வேண்டும். எங்கேயாவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், இரண்டு ஆம்பியருக்கு மேல் போகாது, எதுவும் கருகாது. வயர் வைத்ததும் என் பல்பு ஒரு கணம் எரிந்து மங்கி அணைந்தது. கம்ப்யூட்டர்கள் விழிக்கும்போது அப்படி இருக்கும். அதன்பிறகுதான் நெகட்டிவை நேராக மாட்டினேன். ஸ்கேனர் வைத்திருக்கும் ஒருவர் வீட்டுக்கே வந்து, என் பழைய பெட்டியில் இருந்த விவரத்தை எடுத்துப் புதியதில் ஏற்றி, இரண்டு சாவியையும் பதிவு செய்தார். 2,500 ரூபாய். வீட்டில் எத்தனை சாவி இருக்கிறதோ அத்தனையையும் அந்த நேரத்தில் கையில் வைத்திருங்கள், விடுபட்ட சாவி அப்புறம் வேலை செய்யாமல் போகலாம். முதல் அடியிலேயே எஞ்சின் பிடித்தது. சந்தோஷத்தில் அம்மாவுக்குப் போன் செய்து எஞ்சின் சத்தத்தைக் கேட்கவைத்தேன்.

உடனே ரோட்டுக்கு எடுத்துவிடாதீர்கள். பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், அபாய விளக்கு, ஹாரன், வைப்பர், ஒவ்வொரு ஜன்னல் என்று ஒன்று விடாமல் போட்டுப் பாருங்கள். ஏர்பேக் விளக்கு சாவி போட்டதும் எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் ஏர்பேக் வேலை செய்யாது என்று வைத்துக்கொண்டு கடையில் காட்ட வேண்டும். ஜன்னல் தானாக ஏறுகிற வசதி மறந்துபோயிருந்தால், பல வண்டிகளில் முழுக்க ஏற்றிச் சில நொடி சுவிட்சைப் பிடித்திருந்தால் திரும்ப வந்துவிடும்.

காப்பீட்டில் ஏதாவது கிடைக்குமா என்றும் கேட்டுப் பார்த்தேன். சாதாரண கார் பாலிசியில் மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் பழுதுகளுக்குப் பணம் கிடையாது என்று விதியிலேயே இருக்கிறது. ஆனால் வழியில் நின்றால் வந்து இழுத்துப்போகிற உதவியைக் கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கட்டி வாங்கிக்கொள்ளலாம். இந்த வருடம் அதைச் சேர்த்துவிட்டேன். இன்னொரு விஷயம், பெட்டிக்குள் ஈரம் என்று சந்தேகம் வந்த நாளில் இருந்தே ராத்திரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத் தூங்குங்கள். சாவி உருவிய பிறகும் அந்தப் பெட்டியில் எப்போதும் கரண்ட் இருக்கிற இணைப்புகள் உண்டு, நின்றுகொண்டிருக்கிற வண்டியே தீப்பிடிக்கலாம்.

பெட்டி மாட்டிய பிறகு வந்த முதல் பெருமழையில் அதன் பின்பக்கம் ஒரு டிஷ்யூ பேப்பரை ஒட்டிவைத்து மறுநாள் எடுத்துப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது. மீட்டரில் 30 மில்லி ஆம்பியர் காட்டியது. அம்மா வீட்டில் இப்போது சில்வர் ஓக் அடியில் வண்டியை விடுவதில்லை, எதிர்ப்பக்கம் தகரக் கூரை போட்டிருக்கிறோம். மரத்தடியில்தான் விட்டாக வேண்டும் என்கிறவர்கள், புரட்டாசி முடிவதற்குள் கண்ணாடிக்கு அடியில் இருக்கிற அந்தச் சல்லடையைக் கழற்றி இலையை அள்ளிவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, அது முன்சக்கரத்துக்குப் பின்னால் கீழே வடிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.